இன்ஜின் போச்சுன்னு சொல்லிட்டாங்களா? பழைய காருக்கு இன்ஜின் மாத்தறதுக்கு முன்னாடி அறிகுறி வாரியா பாக்க வேண்டியது

பழைய கார் வழியில நின்னு, கட்டி இழுத்துட்டு வந்ததும் முதல்ல காதுல விழறது "இன்ஜின் போச்சு"தான். அப்படி வந்து நிக்கிற வண்டிங்கள தெறந்து பாத்தா நிறைய வண்டியில இன்ஜின் முழுசா போயிருக்காது. ஹெட் (வால்வுங்க இருக்கிற இன்ஜினோட மேல் பகுதி) மட்டும் போயிருக்கும், இல்ல டைமிங் பெல்ட் (வால்வ தெறக்கற கேம்ஷாஃப்ட்ட சுத்த வெக்கிற பெல்ட்) அறுந்திருக்கும், சில சமயம் வெறும் ஏசி கம்ப்ரஸர் ஜாம் ஆகி பெல்ட்டோட சேத்து இன்ஜினையும் புடிச்சு வெச்சிருக்கும். அதனால மாத்தலாமா வேணாமான்னு மண்டைய ஒடச்சுக்கறதுக்கு முன்னாடி எது போச்சு, ஏன் போச்சு, இந்த ரெண்டுக்கும் பதில் வேணும். கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவு கம்மியான காரணத்த முதல்ல போட்டிருக்கேன், கைய கடிக்கிறது கடைசியில. உங்க வண்டிக்கு எது பொருந்துதோ அத மட்டும் படிச்சிட்டு கீழ இருக்கிற கணக்குக்கு வந்துடுங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. உள்ள இருந்து சத்தம் வருது, ஆயில் லைட் எரியுது, டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல நிக்குதுன்னா "இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணி பாப்போம்"ங்கற ஆசைய விட்டுடுங்க. ஹெட் வேலையோட முடிய வேண்டியத முழு இன்ஜின் வேலையா ஆக்கறது அந்த இன்னொரு தடவதான்.

## சாவிய திருப்பினா டக்குனு ஒரு சத்தம், இன்ஜின் சுத்தவே இல்ல

பேட்டரி வோல்ட்ட பாருங்க. வண்டி சும்மா நிக்கும்போது 12.6 பக்கம் இருந்தா ஃபுல் சார்ஜ், 12.2க்கு கீழ இருந்தா சார்ஜ் போட்டுட்டு அப்புறம் பேசலாம். சாவி திருப்பும்போது 9.6க்கும் கீழ விழுந்தா பேட்டரி வீக். அது நல்லாருந்தா டெர்மினல், இன்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயர், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். இது வரைக்கும் எதுவும் பெரிய செலவு இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் சுத்தலன்னா கியர நியூட்ரல்ல போட்டு, வெளி பெல்ட்ட கழட்டிட்டு, கிராங்க் (பிஸ்டனுங்க சுத்த வெக்கிற முக்கிய தண்டு) புல்லி போல்ட்ல நீள ராட்டோட சாக்கெட் போட்டு கையால சுத்தி பாருங்க, இன்ஜின் வழக்கமா சுத்தற பக்கமா மட்டும்.

பெல்ட் இல்லாம சுத்துதுன்னா: இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் இதுல ஏதோ ஒண்ணு ஜாம். ஒவ்வொரு புல்லியா கையால சுத்தினாலே ஆளு மாட்டிடும்.

கொஞ்சம் சுத்தி எதுலயோ முட்டி நிக்குதுன்னா: ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க, டீசல்னா குளோ பிளக். தண்ணி தேங்கின ரோட்டுல ஓட்டினப்ப நின்ன வண்டின்னா சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்குது, பிளக் ஓட்டை வழியா வெளிய வந்துடும். இந்த நிலமையில பிளக்க கழட்டாம ஸ்டார்ட்டர் அடிச்சா தண்ணி அமுங்காது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணிய எடுத்ததும் வண்டி ஓடிட்டா போதும்னு விட்டுடாம எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்த அமுக்கும்போது வர்ற பிரஷர்) பாருங்க, ஒண்ணு மட்டும் கம்மியா காட்டினா ராடு வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அந்த ராடு கொஞ்ச நாள் கழிச்சு பிளாக்க (சிலிண்டருங்க இருக்கிற இன்ஜின் உடம்ப) ஒடச்சுட்டு வெளிய வரும்.

அசையவே இல்லன்னா: வண்டி பல வருஷமா சும்மா நின்னதா, இல்ல ஓடிட்டிருக்கும்போதே நின்னதா? சும்மா நின்னதுன்னா பிஸ்டன சுத்தி இருக்கிற ரிங்குங்க துருல புடிச்சிருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் துரு விடற ஆயில ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊற விட்டு திரும்ப முயற்சி பண்ணலாம், விட்டுக் குடுக்கற இன்ஜின் நிறைய உண்டு. ஓடும்போதே ஆயில் இல்லாமலோ சூடு ஏறியோ நின்னு போச்சுன்னா அது சீஸ், அதாவது உள்ள உலோகமும் உலோகமும் உரசி இறுகிப் போச்சு. இங்க மெக்கானிக்க கூப்பிடுங்க, கம்பி போட்டு நெம்பறதுல ஒண்ணும் கிடைக்காது.

## இன்ஜின் சுத்துது, ஸ்டார்ட் ஆகல

சாவி ஆன் பண்ணதும் பின்னாடி பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்டு முனகுதா, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) லைட் மினுக்குதா, ஃபியூஸ் ஏதாவது போயிருக்கா. சுத்தும்போது ஆர்பிஎம் முள்ளு கொஞ்சம் கூட அசையலன்னா கிராங்க் சென்சார் மேல சந்தேகப்படலாம். எல்லாமே சின்ன வேலைங்க.

கேக்க வேண்டியது சுத்தற சத்தத்த. வழக்கமா "உர்...உர்...உர்"னு முக்கி முக்கி சுத்தற இன்ஜின் திடீர்னு எடையே இல்லாத மாதிரி ஒரே சீரா வேகமா சுத்தினா கம்ப்ரஷன் இல்லன்னு அர்த்தம், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம் இல்ல பல்லு தாண்டியிருக்கலாம். அதோட நிறுத்திடுங்க. ஆயில் ஊத்தற மூடிய கழட்டிட்டு பாத்தா நிறைய இன்ஜின்ல கேம்ஷாஃப்ட் தெரியும், கிராங்க கையால மெதுவா சுத்தும்போது கேம் அசையலன்னா பெல்ட் போச்சு.

இதுல வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிற டிசைன் இருக்கு, முட்டாத டிசைனும் இருக்கு, உங்க இன்ஜின் கோட வெச்சு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. முட்டாததுன்னா புது பெல்ட் போட்டு டைமிங் வெச்சா வண்டி ஓடும். முட்டறதுன்னா வால்வு வளைஞ்சிருக்கும், ஹெட்ட எறக்கி வால்வு மாத்தணும். ஹெட் எறங்கினதும் பிஸ்டன் மேல பாருங்க, லேசா பிறை மாதிரி தடம் மட்டும்னா பரவாயில்ல, விரிசல் இருந்தாலோ வால்வு தலை ஒடிஞ்சு உள்ள விழுந்து எல்லாத்தையும் கொத்தி வெச்சிருந்தாலோதான் முழு இன்ஜின பத்தி யோசிக்கணும். பெல்ட் அறுந்ததுமே "இன்ஜின் மாத்துங்க"ன்னு யாராவது சொன்னா ஹெட்ட எறக்கி காட்டச் சொல்லுங்க.

## சூடு ஏறுது, கூலன்ட் குறையுது, வெள்ளைப் புகை

இதுலதான் அதிகமா இன்ஜின் வீணாப் போகுது, அதுவும் காப்பாத்தியிருக்கக் கூடிய இன்ஜின். கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தெறக்காதீங்க, கொதிக்கற தண்ணி மூஞ்சியில அடிக்கும். முழுசா ஆறட்டும். அப்புறம் இந்த வரிசையில: கூலன்ட் லெவல், மூடியோட ரப்பர், ஓஸ் பைப் கசிவு, ஃபேன் சுத்துதா, தெர்மோஸ்டாட் தெறக்குதா (இன்ஜின் சூடான பிறகும் ரேடியேட்டருக்கு போற ஒரு ஓஸ் கொதிக்குது, இன்னொண்ணு ஜில்லுனு இருக்குன்னா தெறக்கல, இல்ல ரேடியேட்டர் அடைச்சிருக்கு), வாட்டர் பம்ப். இதுல ஏதாவது ஒண்ணுதான் காரணம்னா, சீக்கிரமே வண்டிய நிறுத்தியிருந்தீங்கன்னா, தப்பிச்சீங்க.

வெள்ளைப் புகைய பொறுத்தவரைக்கும், குளிர்ல காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் வந்துட்டு நின்னா அது வெறும் ஆவி. இன்ஜின் நல்லா சூடான பிறகும் திட்டுத்திட்டா வருது, ஒரு இனிப்பு வாடை அடிக்குதுன்னா கூலன்ட் உள்ள எரியுது.

ஹெட் கேஸ்கெட்டான்னு (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) உறுதி பண்ண: ரேடியேட்டர் வாயில வெச்சு பாக்கற கெமிக்கல் டெஸ்ட் இருக்கு, பெட்ரோல் வண்டியில நீலத் தண்ணி மஞ்சளா மாறினா எரிஞ்ச கேஸ் கூலன்ட்டுக்குள்ள போகுது. பத்து நிமிஷ வேலை, இத பண்ணாம ஹெட்ட கழட்ட விடாதீங்க. ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்க, ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா கூலன்ட் கலந்திருக்கு. ஆனா ஆயில் மூடியோட அடியில மட்டும் கொஞ்சம் வெளுப்பு, டிப்ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருக்குன்னா பயப்பட வேணாம், கிட்டக்கிட்ட மட்டுமே ஓட்டற வண்டியில ஈரம் அப்படி படியும்.

ஹெட் எறங்கினதும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வெச்சு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு வளைவு எவ்ளோன்னு பாக்கணும், பல இன்ஜினுக்கு 0.05 லேர்ந்து 0.1 மில்லிமீட்டர் வரைக்கும்தான் விடுவாங்க, உங்க இன்ஜினுக்கு என்ன கணக்குன்னு மேனுவல்ல இருக்கும். அதுக்கு மேல வளைஞ்சிருந்தா லேத்துல குடுத்து சமமா சீவி ஃபேசிங் பண்ணணும். அதே பட்டைய பிளாக் மேலயும் வெச்சு பாக்கச் சொல்லுங்க, அத நிறைய பேர் விட்டுடறாங்க, பிளாக் வளைஞ்சிருந்தா எத்தன கேஸ்கெட் போட்டாலும் திரும்ப அதே கதைதான். ஹெட்ட பிரஷர் டெஸ்ட்டும் பண்ணணும், வால்வுக்கு நடுவுல வர்ற விரிசல் பல சமயம் கண்ணுக்கு தெரியாது.

எப்ப இது ஹெட் வேலையத் தாண்டிப் போச்சு? பிளாக் வளைஞ்சிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ, சிலிண்டர் சுவத்துல மேல கீழ கீறல் இருந்தாலோ, கூலன்ட் கலந்த ஆயிலோட ரொம்ப தூரம் ஓட்டியிருந்தாலோ. கடைசி கேஸ்ல கிராங்க தாங்கற பேரிங் அரிச்சிருக்கும், அதனால ஹெட்டுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஆயில் சம்ப்ப (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தட்டு) எறக்கி ஒரு பேரிங் கேப்ப கழட்டி பாத்துடுங்க. மேல புது ஹெட், கீழ செத்த பேரிங்னு வண்டி வெளிய போனா சீக்கிரமே திரும்பி வரும்.

## கீழ இருந்து டொக் டொக்னு சத்தம்

முதல்ல ஆயில் லெவல். அப்புறம் இன்ஜினுக்கு சம்பந்தமே இல்லாதது: சைலன்சர் மேல இருக்கிற தகடு ஆடுதா, பெல்ட் டென்ஷனர், இன்ஜின் மவுண்ட், ஆட்டோமேட்டிக் கியர்னா பிளெக்ஸ் பிளேட் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற தகடு) விரிசல். பிளெக்ஸ் பிளேட் சத்தம் அச்சு அசல் பேரிங் சத்தம் மாதிரியே கேக்கும், அத வெச்சே நல்ல இன்ஜின தூக்கிப் போட்டவங்க உண்டு. டீசல்ல ஒரு இன்ஜெக்டர் மோசமானாலும் இதே மாதிரி அடிக்கும்.

மேல இருந்து டிக் டிக்னு லேசா வர்றது டேப்பெட் (வால்வ அமுக்கற பாகம்) சமாச்சாரம், ஆயில் மாத்தினாலோ அதோட இடைவெளிய செட் பண்ணாலோ நிறைய தடவ சரியாயிடும்.

கீழ இருந்து, கனமா, ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போது கூடுதுன்னா ராடு பேரிங். பெட்ரோல் வண்டியில ஒவ்வொரு சிலிண்டரோட இன்ஜெக்டர் கனெக்டரையும் ஒண்ணொண்ணா கழட்டி பாருங்க, எத கழட்டும்போது சத்தம் குறையுதோ அந்த சிலிண்டர்தான். இதுக்கு ஐடிலிங்ல சில செகண்டு போதும், ரேஸ் பண்ணி கேக்காதீங்க. அப்புறம் ஆயில வடிச்சு, ஃபில்டர அறுத்து விரிச்சு வெளிச்சத்துல பாருங்க. மினுமினுப்பு இருந்து காந்தத்துல ஒட்டலன்னா அது பெரும்பாலும் பேரிங் மெட்டல், ஒட்டினா இரும்பு, அதாவது கேம், கிராங்க், இல்ல ஆயில் பம்ப் பக்கமா தேய்மானம்.

ராடு பேரிங் சத்தம் உறுதின்னா வண்டிய நகத்தாதீங்க. இப்ப நிறுத்தினா கிராங்க கிரைண்டிங் பண்ணி அடுத்த சைஸ் பேரிங் போட்டு அதே இன்ஜின கட்டலாம், ஒடஞ்சு பிளாக்ல ஓட்டை போட்டுட்டா பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் மதிப்பு கூட கிடைக்காது.

## ஆயில் லைட் எரியுது

இன்ஜின ஆஃப் பண்ணுங்க, ஓரம் கட்டறதுக்கு ஆகற நேரம்தான் உங்களுக்கு. லெவல் இருக்கா? இருந்தும் எரியுதுன்னா சென்சார் பொய் சொல்லலாம், ஆனா அத நீங்களா முடிவு பண்ணாதீங்க, சென்சார கழட்டி அந்த எடத்துல மெக்கானிக்கல் கேஜ் போட்டு பாக்கணும். பொதுவா 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐங்கற கணக்குல இருந்தா ஓகேன்னு சொல்வாங்க, உங்க இன்ஜினோட சரியான அளவு மேனுவல்ல இருக்கும். பிரஷர் நிஜமாவே கம்மின்னா வரிசை இப்படி: தப்பான ஆயில், அடைச்ச ஃபில்டர், சம்ப்புக்குள்ள ஆயில் உறிஞ்சற ஜல்லடையில சேறு, ஆயில் பம்ப், கடைசியா பேரிங் தேய்மானம். ஆயில் மாத்தாமயே ஓட்டின வண்டியில ஜல்லடைதான் அடிக்கடி மாட்டும், சம்ப்ப எறக்கி கழுவினாலே பிரஷர் ஏறும்.

## நீலப் புகை, ஆயில் குடிக்குது, இழுவை இல்ல

பிசிவி வால்வு (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளிய விடற சின்ன வால்வு) அடைச்சிருந்தா ஆயில் இன்டேக் பக்கம் போகும், மாத்த காசே ஆகாது, முதல்ல அது. புகை எப்ப வருதுன்னு பின்னாடி ஒரு ஆள நிறுத்தி பாக்கச் சொல்லுங்க. ஸ்டார்ட் பண்ணதும் குப்புனு வந்து நிக்குது, இல்ல இறக்கத்துல ஆக்ஸிலேட்டர விட்டு திரும்ப மிதிக்கும்போது வருதுன்னா வால்வு சீல். இழுக்கும்போது விடாம வருதுன்னா ரிங்கு, இல்ல டர்போ. டர்போ வண்டின்னா டர்போலேர்ந்து வர்ற பைப்ப கழட்டி பாருங்க, உள்ள ஆயில் குளமா நின்னா டர்போ சீல் போயிருக்கு. டீசல்ல இத நீட்டாதீங்க, இன்ஜின் அந்த ஆயிலயே எரிச்சு தன்னால ரேஸ் ஆகும், சாவிய எடுத்தாலும் நிக்காது.

கம்ப்ரஷன் டெஸ்ட் இங்கதான் உபயோகம். பெட்ரோல் இன்ஜினுக்கு பொதுவா 120 லேர்ந்து 200 பிஎஸ்ஐக்குள்ள இருக்கும், டீசலுக்கு 300க்கு மேல. நம்பர விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசத்த பாருங்க, 15 சதவீதத்துக்கு மேல போனா பிரச்சன. பெட்ரோல்ல கம்மியா காட்டற சிலிண்டருக்குள்ள ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா ரிங்கு, ஏறலன்னா வால்வு இல்ல கேஸ்கெட். லீக் டவுன் டெஸ்ட் இன்னும் தெளிவு: சிலிண்டருக்குள்ள காத்து ஏத்திட்டு எங்க கசியுதுன்னு காது குடுத்தா, சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டா இன்டேக் வால்வு, ஆயில் மூடியில கேட்டா ரிங்கு, ரேடியேட்டர்ல குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட்.

என்னோட அபிப்பிராயம், இந்த அறிகுறி மட்டும் இருந்தா அவசரமே இல்ல. 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைக்கும் ஆயில் குடிக்கறது சகஜம்னு நிறைய கம்பெனி மேனுவல்லயே போட்டிருக்கு. கம்ப்ரஷன் சமமா இருந்து, புகை டெஸ்ட்ல பாஸ் ஆகி, இழுவையும் இருந்தா ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டுங்க, லெவல மட்டும் விடாம பாருங்க.

புகையும் இல்ல சத்தமும் இல்ல வெறும் இழுவை மட்டும் இல்லன்னா இன்ஜின விடுங்க, ஏர் ஃபில்டர், ஃபியூல் ஃபில்டர், அடைச்ச கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் பைப்ல புகைய சுத்தம் பண்றது), வழுக்கற கிளட்ச், இங்க பாருங்க.

## டெஸ்ட் எல்லாம் முடிஞ்சது, இன்ஜின் நிஜமாவே போச்சு

இப்ப இன்ஜின விட்டுட்டு மிச்ச காரப் பாருங்க. வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடியில சேசிஸ், டோர் அடி, சஸ்பென்ஷன் பூட்டற எடம் எல்லாத்தையும் சுத்தியலால தட்டிப் பாருங்க, துரு உதிர்ந்து ஓட்டை விழுந்தா அதோட முடிவு வந்துடுச்சு, அதுல இன்ஜின் போடறது ஓட்டப் பானைக்கு புது மூடி வாங்கற கதை. பாடி நல்லாருந்தா கியர்பாக்ஸ். இதுவரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், கியர் மாத்தும்போது உதைச்சுதா, வழுக்குச்சா, முனகுச்சா. ஆட்டோமேட்டிக் ஏற்கனவே தடுமாறிட்டிருந்துச்சுன்னா நான் இன்ஜின் மாத்தச் சொல்ல மாட்டேன்.

கணக்குல எல்லாரும் பண்றது, இன்ஜின் செலவையும் காரோட விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "கார் விலையே இவ்ளோதான், இன்ஜினுக்கு இவ்ளோவா"ன்னு கேக்கறது. அது தப்பான கேள்வின்னு நினைக்கிறேன். ஒரு பக்கம் இன்ஜின் மாத்தற மொத்த செலவையும் அடுத்த ரெண்டு வருஷத்துல வரப்போற டயர், சஸ்பென்ஷன், கிளட்ச் செலவையும் கூட்டுங்க. இன்னொரு பக்கம் இதே அளவு நம்பி ஓட்டற மாதிரி வேற ஒரு கார் வாங்க என்ன ஆகும், அதுலேர்ந்து இந்த வண்டிய இப்படியே வித்தா வர்றத கழிச்சுட்டு, அதுக்கும் வாங்கினதும் பண்ண வேண்டிய வேலைய சேருங்க. இந்த ரெண்டையும் ஒப்பிடுங்க. உங்க வண்டியோட சரித்திரம் உங்களுக்கு தெரியும், வாங்கப் போற பழைய வண்டியோடது தெரியாது, அதுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ரெண்டும் கிட்டக்கிட்ட வந்தா பாடி நல்லாருக்கிற வண்டிய வெச்சுக்கறதுதான் என் பக்கம். இன்ஜின் பக்கம் தெளிவா கூட வந்தா வித்துடுங்க, வருத்தப்பட ஒண்ணுமில்ல.

மொத்த செலவுன்னா மொத்த செலவு. கொட்டேஷன்ல இன்ஜின் விலை மட்டும் போட்டிருப்பாங்க. லேபர், கேஸ்கெட் செட், டைமிங் கிட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், இன்ஜின் மவுண்ட், ஓஸ், ஆயில், கூலன்ட், ஏசி கேஸ், இன்ஜின் வெளிய இருக்கும்போதே மாத்த வேண்டிய கிளட்ச், கிராங்க்கோட பின்பக்க ஆயில் சீல் எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. இன்ஜின் நம்பர் மாறினா வண்டி பதிவுலயும் இன்சூரன்ஸ்லயும் மாத்த வேண்டியிருக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

எந்த இன்ஜின்?

செலவு கம்மி, பழைய வண்டியிலேர்ந்து எடுத்த இன்ஜின். எப்படி ஓடினதுன்னு தெரியாம வாங்கறோம், அதனால பூட்டறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட், ஆயில் மூடி அடியில சேறு இருக்கா, கையால சுத்தினா சீரா சுத்துதா, இன்ஜின் கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதா. ஒரே பேர்ல வர்ற இன்ஜின்லயே சென்சார் மாறியிருக்கும். டைமிங் பெல்ட்டும் சீலும் வெளிய இருக்கும்போதே புதுசு போட்டுடுங்க.

உங்க இன்ஜினையே கட்டறது, அதாவது சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கி (இதத்தான் போர் அடிக்கறதுன்னு சொல்வாங்க) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு கிராங்க் கிரைண்ட் பண்றது, நல்ல லேத் ஆள் இருந்தா எனக்கு பிடிச்ச வழி இதுதான், நாள் ஆகும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு தெரியும். கம்பெனி புது இன்ஜின் பழைய காருக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

வாரண்ட்டி எழுத்துல வேணும். அதுல இன்ஜின் திரும்ப போனா கழட்டி மாட்டற கூலியும் சேருமா, பழைய இன்ஜின திருப்பிக் குடுக்கணுமா, சூடு ஏத்தினா வாரண்ட்டி போயிடுமா, மூணையும் படிச்சுப் பாருங்க.

பூட்டறதுக்கு முன்னாடி

பழசு ஏன் போச்சோ அத சரி பண்ணாம புதுச ஸ்டார்ட் பண்ண விடாதீங்க. சூட்டுல போனதுன்னா ரேடியேட்டர் மாத்தணும் இல்ல அதோட உள் குழாய்ங்கள (கோர்) சுத்தம் பண்ணணும், ஃபேன் ஓடறத கண்ணால பாக்கணும். பேரிங் அரைஞ்சு போனதுன்னா ஆயில் கூலருக்குள்ள பழைய மெட்டல் தூள் உக்காந்திருக்கும், கழுவினா முழுசா போகாது, புதுசு போடுங்க. டர்போ ஒடஞ்சு போனதுன்னா இன்டர்கூலரையும் (டர்போ காத்த ஆற வெக்கிறது) பைப்பையும் கழட்டி ஆயிலையும் துண்டுங்களையும் எடுக்கணும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆயில் பிரஷர் ஏத்தணும், பெட்ரோல்ல பிளக் கழட்டிட்டு, டீசல்ல ஃபியூல கட் பண்ணிட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடிச்சா போதும். கூலன்ட்ல காத்து எடுக்கணும், ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. போர் அடிச்ச இன்ஜின்னா ஆரம்பத்துல ஒரே வேகத்துல நீளமா ஓட்டாதீங்க, ஏத்தி எறக்கி ஓட்டுங்க, 1000 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டு அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்க. முதல் ஃபில்டர்ல கொஞ்சம் தூள் இருக்கும், அடுத்த ஃபில்டர்லயும் இருந்தா கட்டினவர்கிட்ட வாரண்ட்டி பேப்பரோட போங்க.